டொக்டரய்யாவின் ஆரஞ்சு மாத்திரை

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து கொடுத்த ஞானப்பிரகாசம் டொக்டர் இல்லை. தோட்ட வைத்திய உதவியாளர் என்றுதான் அவருடைய நியமனக் கடிதத்தில் இருக்கும். தெஹியோவிட்டவிலிருந்து ஏறி வருகிற பாதையில் எங்கள் ரப்பர் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் அவர் டொக்டரய்யா ஆகிவிடுவார். அப்படிக் கூப்பிட்டுப் பழக்கியவர்கள் நாங்கள்தான். அவரும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொள்வார். கழுத்தில் குழாய் தொங்கும். அதை யாருடைய நெஞ்சிலும் வைத்து நான் பார்த்ததில்லை.

எங்களைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது. ரப்பர் பால் நாற்றம் கோட்டில் ஏறிவிடுமாம். அதனால் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். "எங்க வலி?" என்று கேட்பார். பதில் வாயிலிருந்து வந்து முடிவதற்குள் டின்னைத் திறந்துவிடுவார். இடுப்போ, தோள்பட்டையோ, பல்லோ, பெண்களுக்கு மாதாமாதம் வருகிற வலியோ, எல்லாவற்றுக்கும் அந்த டின்னில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாத்திரை இருந்தது. டைக்ளோபெனக். பத்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வேறு ஒரு சொல் கிடையாது.

யாராவது ஓய்வு எழுதின துண்டுச் சீட்டு கேட்டுவிட்டால் மட்டும் அவருக்குப் பேச்சு வரும்.

"வலி யாருக்குத்தான் இல்ல? லீவு வேணும்னா லீவுன்னு கேளு. நொண்டி நொண்டி வந்து நடிக்காத. தோட்டத்து ஒடம்பு இரும்பு ஒடம்பு, ரெண்டு மாத்திரையப் போட்டுக்கிட்டு மலைக்குப் போ."

மலைக்கு ஆள் குறையாமல் இருந்தால் தோட்டத்தை நடத்துகிற தொரைக்குச் சந்தோஷம். தொரைக்குச் சந்தோஷம் என்றால் ஞானப்பிரகாசத்தின் பங்களாவுக்கு வெள்ளையடித்துக் கொடுப்பார்கள். அவருடைய வைத்திய சாஸ்திரம் அவ்வளவுதான்.

என் அக்கா ஜெயந்திக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதில் பால் வெட்டக் கத்தியைப் பிடித்தவள். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். மரம் எல்லாம் சரிவில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏற வேண்டும், குனிய வேண்டும், இறங்க வேண்டும். அத்தான் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவளும் நானும் ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறோம். நான் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறேன். தாய்மார் மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன்.

அக்காவின் வலது முழங்கால் போன வருஷம் வீங்கத் தொடங்கியது. டிஸ்பென்சரி ஜன்னலுக்குப் போனாள். காகிதப் பொட்டலத்தோடு வந்தாள்.

அவளுக்கு பிரஷர் இருப்பது ஞானப்பிரகாசத்துக்குத் தெரியாதா? மாதாமாதம் கிளினிக்கில் எடுக்கிற பிரஷர் மாத்திரை தீர்ந்துபோனால் அவரிடம்தான் போய் நிற்பாள். எட்டு வருஷத்துக்கு முந்தி வயிற்றில் புண் வந்து படுத்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இதெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்க வேண்டியது. அவருடைய கொப்பியில் பெயரும் திகதியும் மட்டும் இருக்கும். மற்றக் கட்டங்களெல்லாம் வெறுமையாகக் கிடக்கும்.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் மோசம். முதல் வாரம் அக்கா ஆடு மாதிரி சரிவில் ஏறினாள். விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை பிளேன்டீ, அதோடு ஒரு மாத்திரை. ரொட்டி தின்ன அவளுக்கு எங்கே நேரம்? பத்து மணிக்கு மேல்தான் வயிற்றில் ஏதாவது விழும். இப்படி மூன்று மாதம் ஓடியது. ஒரு பொட்டலம் முடிந்தால் அடுத்தது. 'இன்னும் எத்தனை நாள்' என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு மாத்திரைக்கு வலி அடங்காமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் தெஹியோவிட்ட டவுனுக்குப் போய், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் பார்மசியில் ஏறினோம். அங்கே மருந்து கொடுப்பது ரஹ்மா என்ற பெண். முப்பது வயது இருக்கும், முக்காட்டுக்கு மேல் கண்ணாடி.

அக்கா காலி அட்டையை நீட்டினாள். "இதவிட பவர் கூடினது ஒன்னு குடுங்க."

ரஹ்மா அட்டையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "எத்தன நாளா குடிக்கிறீங்க இத?"

"மூனு மாசம்."

"மூனு மாசமா! வேற என்ன குளிசை குடிக்கிறீங்க? பிரஷர், சீனி, ஏதாவது?"

"பிரஷருக்கு எடுக்கிறேன்."

"வயித்துல எரிவு? முந்தி அல்சர் இருந்திச்சா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு முழங்கால்ல வலி. நீங்க வயித்தப் பத்திக் கேக்குறீங்க."

"அதுக்குத்தான் கேக்கிறன், ராத்தா. இந்தக் குளிசை வயித்தையும் கிட்னியையும் புடிக்கும். பிரஷர் மருந்தோட சேந்தா இன்னும் மோசம். டொக்டர்ட துண்டு இல்லாம நான் தரமாட்டன். பெரசிட்டமோல் தாறன், பூசுறதுக்கு ஒரு ஜெல் தாறன். நாளைக்கே டொக்டர் ஒராளக் காட்டுங்க."

அக்கா ஒன்றும் வாங்காமல் இறங்கிவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "கடையில நிக்கிறவளுக்கு எவ்வளவு நெனப்பு பாத்தியா? நம்ம டொக்டரய்யா ஒரு கேள்வி கேப்பாரா?" என்றாள். நான் சிரித்தேன். ரஹ்மா மாதிரி இல்லாத கண்ணாடியை மூக்கில் இறக்கி, "வேற என்ன குளிசை குடிக்கிறீங்க?" என்று நடித்துக்கூடக் காட்டினேன். இந்தக் கதையில் நான் யாரையெல்லாம் கேவலமாகப் பேசுகிறேனோ, அந்த வரிசையில் அன்று பஸ் நிலையத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற இந்த சரோனுக்கும் ஓர் இடம் உண்டு.

அடுத்த கிழமை தம்பி அலன் கட்டாரிலிருந்து லீவில் வந்தான். சவர்க்காரம், கம்பளி, பால்மா என்று பெட்டியைப் பிரித்தபோது, அதில் ஒரு பெரிய போத்தல் மாத்திரையும் இருந்தது. வெள்ளை நிறம். இபுப்ரோபென் என்று எழுதியிருந்தது.

"கேம்ப்ல எல்லாரும் இதான் போடுறாங்க அக்கா. பதினாலு மணி நேரம் நின்னு வேல செய்றோமே, இது இல்லாட்டி முடியுமா?" என்றான்.

வெளிநாட்டு மாத்திரை என்றதும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஞானப்பிரகாசத்தின் ஆரஞ்சு காலையிலும் மாலையிலும்; அலனின் வெள்ளை மத்தியானம். நிறம் வேறு, பெயர் வேறு, வந்த நாடும் வேறு. அதனால் மருந்தும் வேறு என்று மூன்று பேரும் நினைத்தோம்.

பத்து நாள் போனது. அக்காவுக்கு நெஞ்சுக்குக் கீழே எரியத் தொடங்கியது. சோறு பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஜன்னலுக்குப் போய்ச் சொன்னாள். அன்று நானும் கூட இருந்தேன்.

"டொக்டரய்யா, வயிறு எரியுதுங்க."

"காரத்த, கொச்சிக்காயக் கொறச்சுத் தின்னு." ஒரு போத்தலில் வெள்ளைத் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"அந்த மாத்திரைய நிப்பாட்டவாங்க?"

"நிப்பாட்டிட்டு? நாளைக்குக் கால் வலின்னு இங்கயே வந்து நிப்ப. எனக்கு வேற வேல இல்லியா? போ, போ."

அவள் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது, என்னிடமும் சொல்லவில்லை. நாலு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள். சொல்லியிருந்தாலும் அந்த ஆள் பீட்ரூட்டைக் குறைத்துத் தின்னச் சொல்லியிருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி இருக்கும், பக்கத்து வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்த அழகம்மா பிள்ளைமடுவத்துக்கு ஓடி வந்தாள். "சரோனு, ஒங்கக்கா விழுந்துட்டா! ரத்தமா வாந்தி எடுக்குறா!"

குழந்தைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். அக்கா மரத்தடியில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்து, உடம்பு வியர்வையில் குளிர்ந்து போயிருந்தது. பக்கத்தில் இலைகளின் மேல் கோப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினது போல வாந்தி. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாலு பேர் சாக்கில் வைத்துப் பாதைக்குத் தூக்கி வந்தார்கள்.

டிஸ்பென்சரி வாசலில் ஞானப்பிரகாசம் நின்றார். கிட்டே வரவில்லை. எட்டி ஒரு பார்வை பார்த்தார்.

"கேஸ் டிரபிள். கொஞ்சம் படுத்தாச் சரியாப் போகும்" என்றார்.

நல்லவேளை, அழகம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு திரீவீலரை மறித்து அக்காவை ஏற்றினாள். நான் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவிசாவளை ஆஸ்பத்திரி வரைக்கும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

அங்கே இரண்டு பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது, அதை உள்ளேயே அடைத்தார்கள். இரத்தப் பரிசோதனையில் கிட்னியும் களைத்துப் போயிருந்தது. மறுநாள் வார்டு டொக்டர், ஒரு சிங்களப் பெண், வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். கொண்டுபோனேன். அவர் கட்டிலில் கொட்டிப் பார்த்தார். ஆரஞ்சு ஒரு கையில், வெள்ளை ஒரு கையில்.

"மே தெகம எகமய்" என்றார். இரண்டும் ஒன்றுதான்.

"பேர் வேற இல்லியா, டொக்டர் மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

பேர்தான் வேறு, குடும்பம் ஒன்று என்றார். வீக்கத்தையும் வலியையும் அடக்குகிற குடும்பம். கெட்ட மருந்து இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒன்றைக் குடித்தால் இன்னொன்றைத் தொடக்கூடாது. குறைந்த அளவு, குறைந்த நாள், வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது. முந்தி அல்சர் வந்தவர்களும் பிரஷர் மாத்திரை குடிக்கிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வயிற்றைக் காப்பாற்ற இன்னொரு மருந்தும் சேர்ந்து வேண்டும். மலம் கறுத்த முதல் நாளே நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டும்.

"ஒங்க அக்காவுக்கு இனி இது வேண்டவே வேண்டாம்" என்று முடித்தார். "இதையெல்லாம் யாரும் சொல்லவே இல்லையா?"

பார்மசியில் ஒருத்தி சொன்னாள். நாங்கள் சிரித்தோம். இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாதவள் போல நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்பது நாளில் அக்கா வீட்டுக்கு வந்தாள். அதற்குள் தோட்டத்தில் ஒரு கதை உலாவத் தொடங்கியிருந்தது. ஜெயந்தி கட்டார் மாத்திரையைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டாள் என்று. யார் கிளப்பியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஞானப்பிரகாசம் ஒரு நோய்க்குக் காரணம் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை.

நான் சண்டைக்குப் போகவில்லை. அவரே வருவார் என்று தெரியும். மாதத்தில் ஒரு நாள் சுகாதார வைத்திய அதிகாரி அம்மா, குடும்ப நல மாதுவோடு பிள்ளைமடுவத்துக்கு வந்து குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பார். அன்றைக்கு ஞானப்பிரகாசம் சலவை செய்த கோட்டில் வந்து நிற்பார். ஜன்னலில் எங்களிடம் குரைக்கிற வாய், அந்த அம்மாவுக்கு முன்னால் தேன் வடிக்கும். "எஹெய் மிஸ், எஹெய் மிஸ்" என்று சிங்களத்தில் ஆமாம் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போடுவார், காற்றாடியைத் திருப்பி வைப்பார்.

அந்த மாதமும் வந்தார். குழந்தைகளின் நிறை எழுதி முடிந்ததும் நான் அக்காவின் ஆஸ்பத்திரி அட்டையை மேசையில் வைத்தேன். ஆரஞ்சுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

"மிஸ், எங்க அக்காவுக்கு இத மூனு மாசம் குடுத்தாரு. பிரஷர் இருக்குன்னு தெரியும், அல்சர் வந்ததும் தெரியும். வயிறு எரியுதுன்னு சொன்னப்பவும் நிப்பாட்டச் சொல்லல. இந்த அட்டையப் படிச்சிட்டு அவரக் கேளுங்க" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி அட்டையைப் படித்தார். ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார். எங்கள் லயத்துப் பெண்கள் பத்துப் பேர் குழந்தைகளோடு சுற்றி நின்றார்கள்.

ஞானப்பிரகாசம் சிரிக்கப் பார்த்தார். "மிஸ், இந்தாளுக சொல்றத நம்பாதீங்க. நல்ல மருந்து இது. நானே முதுகு வலிக்குத் தினம் ரெண்டு போடுறேன். எட்டு வருஷமா! எனக்கு என்னா ஆச்சு?" கோட்டுப் பைக்குள் கையை விட்டு அதே ஆரஞ்சு அட்டையை எடுத்துக் காட்டினார். பெருமையோடு காட்டினார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அக்கா விழுந்த நாளிலிருந்து அவரைப் பெரிய அயோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு விஷம் தருகிறோம் என்று தெரிந்தே தருகிற ஆள் என்று. அவருக்கு அந்த அளவுக்குக்கூட ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளை ஒரு தடவை விரித்துப் படித்திருந்தால் போதும். இருபத்திரண்டு வருஷமாக அதற்குச் சோம்பல்பட்ட ஒரு மனிதருக்குத்தான் நாங்கள் ஜன்னலில் கை கட்டி நின்றிருக்கிறோம்.

அதிகாரி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சப்பாத்தக் கழட்டுங்க" என்றார்.

"மிஸ்?"

"கழட்டுங்க."

கணுக்கால் வீங்கி, காலுறையின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. அதிகாரி விரலால் அமுக்கினார்; குழி அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "நாளைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்க. இந்த மாத்திரைய இன்னையோட நிப்பாட்டுங்க" என்றார். குழந்தைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் ஞானப்பிரகாசம் ஒரு காலில் சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், அது இரக்கத்தால் இல்லை; பஸ் நிலையத்தில் சிரித்தது ஞாபகம் வந்ததால்.

அவருடைய கிட்னி பாதிக்கு மேல் போயிருந்தது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, பெல்மதுளையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்குச் சொல்ல அவரிடம் எப்போதுதான் ஏதாவது இருந்தது?

அதிகாரி எழுதிய கடிதத்தால் டிஸ்பென்சரியில் புதுச் சட்டம் வந்தது. புதிதாக வந்த வைத்திய உதவியாளர் பிரேமலதா கொப்பியில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டுதான் மருந்து தருகிறாள். பிரஷர் இருக்கா, மூச்சிழுப்பு இருக்கா, வயிற்றில் பிள்ளை இருக்கா, காய்ச்சலா? காய்ச்சல் என்றால் டெங்குவா இல்லையா என்று தெரியுமட்டும் ஆரஞ்சைத் தொட விடமாட்டாள். முதலில் பெரசிட்டமோல்தான். ஆரஞ்சு கொடுத்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று நாளைக்கு மட்டும்.

இதற்குத் தோட்டம் எனக்கு நன்றி சொல்லியிருக்கும் என்று நினைக்கிறீர்களா?

"நீயும் ஒங்கக்காவும் சேந்து மாத்திரைய நிப்பாட்டிட்டீங்க" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எங்கள் லயத்து மூக்காயி கத்தினாள். "டொக்டரய்யா இருந்தா ஒரு நிமிசத்துல குடுப்பாரு. இவ போலீஸ்காரி மாதிரி கேள்வி கேக்குறா."

நான் வாளியை வைத்துவிட்டு ஏதோ சொல்லப் போனேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"மூக்காயி, எனக்கு ரத்தம் குடுத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அடுத்தது ஒனக்கு ஏத்த வேண்டி வந்தா, ஆள் கெடைக்கும்னு என்னா நிச்சயம்? அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்கு."

மூக்காயி முறைத்துக்கொண்டு போனாள். ஆனாலும் அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய இடுப்பு வலி பொய் இல்லை. முந்நூறு மரத்தை நட்டு வைத்த சரிவு பொய் இல்லை. மாத்திரை போட்டால்தான் ஏற முடியும் என்கிற மலையில் ஆளை ஏற்றுகிறவர்களை விட்டுவிட்டு மூக்காயியைத் திட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா மலை ஏறாத வேலை கேட்டு ஆஸ்பத்திரித் துண்டோடு மூன்று தடவை ஒபிசுக்குப் போனாள். முதல் தடவை தொரை பார்க்கவில்லை. இரண்டாவது தடவை, "கால் வலிக்கிதுன்னா பேர வெட்டிக்க" என்றார். மூன்றாவது தடவை அதிகாரியின் கடிதப் பிரதியை எடுத்துக்கொண்டு, அழகம்மாவையும் இன்னும் ஏழு பேரையும் கூட்டிப் போனாள். ஸ்டோரில் ரப்பர் ஷீட் பிரிக்கிற வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த பயிற்சியைக் காலையில் கட்டிலில் உட்கார்ந்து செய்கிறாள், வலிக்கிற நாளில் ஜெல் பூசுகிறாள், பெரசிட்டமோல் போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஜெல் வாங்க டவுனுக்குப் போனோம். ரஹ்மா எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வேற என்ன குளிசை குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அக்கா பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தாள். இந்தத் தடவை நான் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.